சர் சி. வி. இராமனும் கண்ணாடி இழையும்

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் மாலை வேளையில் மின்சாரம் தடைப்படுமாயின், தெருவிளக்கும் மின்விசிறியும் நின்றுபோவது பழைய செய்தி. அவற்றோடு வீட்டிற்கு வரும் பைபர் கேபிளின் தொடர்பும் அற்றுப்போகின்றது என்பதே இக்காலத்துப் புதுச் செய்தி. கம்பத்தின்மேற் கட்டிய பெட்டியிலிருந்து மயிரிழை போன்றதொரு கண்ணாடி இழை வீட்டினுள் வந்து, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியில் முடிகின்றது. இழையின் வழியே ஒளி வந்துகொண்டுதானிருக்கும். அதனை ஏற்றுப் பேச்சாகவும் எழுத்தாகவும் படமாகவும் மாற்றித் தரவேண்டிய பெட்டியோ உயிரற்றுக் கிடக்கும். நம் பாட்டனார் காலத்துத் தொலைபேசிக்கு இக்குறை இருந்ததில்லை. தொலைபேசி நிலையத்தில் வைத்திருந்த 48 வோல்ட்டு மின்கல அடுக்கின் ஆற்றல், பேச்சு வந்த அதே செப்புக் கம்பியின் வழியே வந்து வீட்டுக் கருவியை இயக்கிற்று. ஊர் முழுதும் இருளில் மூழ்கியிருந்தாலும் தொலைபேசி பேசிற்று. செம்பு செய்தியையும் சுமந்தது. செய்தியை வாங்கும் கருவிக்கு வேண்டிய உணவையும் சுமந்தது. கண்ணாடியோ செய்தியைப் பன்மடங்கு மிகுதியாகச் சுமப்பினும், அதில் மின்சாரம் ஓடாதாகலின் உணவைச் சுமப்பதில்லை. தீவட்டிகளைக் கையிலேந்தியும் எண்ணெய் கொண்டுபோகாத கன்னிகைகளின் உவமை இதனைக் காணுந்தோறும் நம் நினைவிற்கு வருகின்றது.

தொலைவிலுள்ள கருவிக்கு உணவூட்டுவது எங்ஙனம் என்பது ஒளியிழைத் தொழிலில் நெடுநாளாக நிற்கும் வினா. கடலடிக் கேபிள்களில் இழைகளைச் சூழச் செம்பினை அமைத்து, கரையிலிருந்து பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தத்தில் மின்சாரத்தைச் செலுத்துகின்றனர். சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் கேபிள்களின் இடையிடையே கடலாழத்தில் கிடக்கும் ஒளிபெருக்கிகள் இவ்வாறே உணவு பெறுகின்றன. செம்பின் துணையின்றி, ஒளியைக் கொண்டே ஒளிக்கு வலுவூட்டும் வழி ஒன்றும் உண்டு. அவ்வழி ஒரு தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் கேபிளையோ தொலைபேசியையோ எண்ணி அதனைத் தேடினாரல்லர். கடல் நீலமாயிருப்பது ஏன் என்று தேடினார். அவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழிலக்கியம் பயிலும் நாம் பௌதிகத்தைத் தொடத் துணிந்ததை நம் கல்லூரிப் பௌதிகப் பேராசிரியர்கள் பொறுத்தருள்வாராக.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். மக்கள் எண்மருள் இராமன் இரண்டாமவர். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். பிடில் வாசிப்பில் பெருவிருப்பினர். 1892 இல் அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரிக்கு விரிவுரையாளராகச் சென்றமையால் குடும்பமும் உடன் சென்றது. பிடிலும் பௌதிக நூல்களும் ஒரே அறையில் இருந்த வீட்டில் வளர்ந்த சிறுவன், பிற்காலத்தில் பிடிலின் நரம்பதிர்வைக் கணக்கிட்டு ஆராய்ந்ததில் வியப்பில்லை. விசாகப்பட்டினத்தில் புனித அலோசியஸ் பள்ளியிற் பயின்று, 11 ஆம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். நம்முட் பலர் அவ்வயதில் பின்னக் கணக்கிற்கே அஞ்சியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904 இல் பி. ஏ. தேர்வில் முதல்வராக நின்று, பௌதிகத்திற்கும் ஆங்கிலத்திற்கும் பொற்பதக்கங்கள் பெற்றார். எம். ஏ. வகுப்பிற் பயிலும்போது, முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளக்கும் மாணவர் சோதனையொன்றில், ஒளிக்கோடுகள் இருபுறமும் ஒத்திராமையைக் கண்டார். எத்தனையோ மாணவர்கள் கண்டும் காணாமற் சென்ற கோடுகள் அவை. அவர் அதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனின் பிலஸாபிகல் மாகஸின் என்னும் இதழில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது 18. அவர் கடிதங்களைக் கண்ட ராலே பிரபு, எழுதியவர் மாணவர் என்றறியாமல், பேராசிரியர் என்று விளித்து விடையெழுதினார் என்பர்.

இத்தகையோர் இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெறுவது அந்நாளைய வழக்கம். ஆனால் இராமனுடைய மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என மருத்துவர் தடுத்துவிட்டார். ஆராய்ச்சியை வாழ்வாகக் கொள்ளும் இடம் அன்றைய இந்தியாவில் ஒன்றும் இல்லை. எனவே, அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுதி அதிலும் முதலிடம் பெற்றார். 1907 இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகப் பணியேற்றார். கைநிறைந்த சம்பளம், எதிர்காலத்தில் இன்னும் உயர்ந்த பதவி, வீட்டாருக்கு மனநிறைவு. இத்துடன் ஒரு வரலாறு முடிந்துபோயிருக்கலாம். பலருடையது முடிந்தும் இருக்கின்றது.

கல்கத்தாவிற் டிராம் வண்டியிற் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876 இல் நன்கொடைகளைக் கொண்டு நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. ஆய்வுக்கூடமும் கருவிகளும் இருந்தன, ஆராய்வார்தாம் இலர். இராமன் உள்ளே புகுந்தார். ஆசுதோஷ் டே என்னும் உதவியாளர் அன்று அவரை வரவேற்று, பின்னர்ப் பல்லாண்டுகள் அவருடன் உழைத்தார். பல்கலைக்கழகப் படியேறாத இவ்வுதவியாளரை வரலாறு எழுதுவோர் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். இரவிலும் விடியலிலும் கருவிகளைத் துடைத்துப் பொருத்தி வைத்தவர் அவரே.

அதுமுதல் பத்தாண்டுகள் இராமனின் நாள் இரண்டாகப் பிளந்திருந்தது. விடியலில் ஆய்வுக்கூடம், பகலில் அரசாங்கக் கணக்கு, மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோது மட்டும் கழகத்தை விட்டுப் பிரிந்திருந்து, 1911 இல் மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தார். பிடில், வீணை, மிருதங்கம், தபலா ஆகியவற்றின் ஒலியை அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் இக்காலத்தும் இதனையடுத்த சில ஆண்டுகளிலுமே. சாதாரணப் பறைகளின் ஒலி ஒழுங்கற்றிருக்க, மிருதங்கத்தின் ஒலி சுருதியோடு இசைவது ஏன் என்று வினவி, தோலின் நடுவே இடும் கருஞ்சாந்தே அதனைச் செய்கின்றது எனக் காட்டினார். நம் மிருதங்க வித்துவான்கள் செவியால் அறிந்திருந்ததைக் கணக்கால் அறிந்தவர் அவர்.

1917 இல் அவர் செய்ததையே அவர் வாழ்வின் துணிவான செயல் என்று நாம் கருதுகின்றோம். கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தார். அப்பதவியின் ஊதியமோ அவர் அரசாங்கத்திற் பெற்றதில் ஏறக்குறையப் பாதிதான். அன்றியும், வெளிநாட்டுப் பயிற்சி பெற்றவர்க்கே அப்பதவி என்றொரு விதி இருந்தது. பயிற்சிக்கென்று கடல் கடக்க இயலாது என இராமன் மறுக்க, விதியே தளர்த்தப்பட்டது. சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டு அவர் ஆசிரியரானார். ஆனர்ஸ் வகுப்பு முடிந்ததும் என்ன வேலைக்குப் போவதென்று விடுதி அறைகளில் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, நோபெல் பரிசு பெற்ற நாளினும் இந்த நாளே பெரிதாகத் தோன்றுகின்றது.

1921 இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டிற்காக அவர் முதன்முறை இங்கிலாந்துக்குக் கடல் கடந்தார். திரும்பும் வழியில், நார்க்குண்டா என்னும் கப்பலின் மேற்றளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். வானத்தின் நீலம் நீரிற் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்பது ராலே பிரபுவின் கொள்கை. இராமன் தம் சட்டைப்பையில் வைத்திருந்த நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியைத் தக்க கோணத்திற் பிடித்து, நீர்ப்பரப்பிலிருந்து தெறித்து வரும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னினும் மிக்கு ஒளிர்ந்தது. ஆகவே அந்நிறம் நீரின் அணுத்திரள்கள் தாமே சிதறடிக்கும் ஒளி என முடிவு செய்து, நேச்சர் இதழுக்கு எழுதினார். கப்பலில் வந்த பிற பயணிகளும் அதே கடலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தனர்.

கரையேறியபின் ஏழாண்டுகள் இச்சிதறலே அவருடைய வேலையாயிற்று. நீரையும் பல்வேறு திரவங்களையும் மாசறத் தூய்மை செய்து, அவற்றினூடே கதிரவன் ஒளியைச் செலுத்தி, பக்கவாட்டில் வெளிப்படும் மங்கலான ஒளியை அவரும் மாணவரும் இருட்டறையில் கண்ணாற் கண்டு ஆராய்ந்தனர். 1923 இல் கே. ஆர். இராமநாதன் அவ்வொளியில், புகுந்த நிறமன்றி வேறொரு நிறத்தின் சாயலையுங் கண்டார். திரவத்தில் எஞ்சிய அழுக்கே காரணம் என்று எண்ணி, மீண்டும் மீண்டும் வடித்தெடுத்துப் பார்த்தனர். அழுக்கு நீங்கியும் சாயல் நீங்கவில்லை. 1928 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எஸ். வேங்கடேசுவரன் தூய கிளிசரினில் அது பளிச்சென்று பச்சையாகத் தோன்றுவதைக் கண்டார். ஆனால் அவர் அலிப்பூரில் அரசாங்கச் சோதனைச்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். ஆராய்ச்சிக்கு வேண்டிய விளக்கோ கதிரவன்; கதிரவனோ உத்தியோக நேரத்திலன்றி வருவதில்லை. ஆகவே இராமன் அவ்வேலையை கே. எஸ். கிருஷ்ணனிடம் ஒப்படைத்தார்.

கிருஷ்ணனாரைப்பற்றி ஒரு சொல் கூறாமல் மேற்செல்ல நமக்கு மனமில்லை. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898 இற் பிறந்தவர்; மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனப் பயிற்சியாளராகவும் இருந்தவர். மிஷன் கல்லூரிகள் நாட்டிற்கு என்ன தந்தன என்று வினவுவோர்க்கு இப்பெயரைச் சொல்லலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் பகல் முழுதும் இருட்டறையில் அமர்ந்து, திரவம் திரவமாகச் சோதித்தார்; இராமனும் அங்கேயே இருந்தார். 7 அங்குல வாய்கொண்ட தொலைநோக்கியாற் கதிரொளியைத் திரட்டிக் குவித்து, ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகண்ணாடி வழியே திரவத்திற் பாய்ச்சினர். வெளிவந்த ஒளியில் ஊதாவோடு பச்சையும் இருந்தது. புகாத நிறம் வெளிவந்தது! பிப்ரவரி 28 ஆம் நாள் அதனை நிறமாலை காட்டியினூடு பார்த்து உறுதிசெய்தனர். கருவிகளின் விலை சில நூறு ரூபாய்க்கு மேற்பட்டதன்று. பின்னர்ப் பாதரச விளக்கைக் கொண்டு நோக்கியபோது, அச்சாயல் தெளிந்த தனிக்கோடுகளாகப் பிரிந்து நின்றது. அறுபது வகைத் திரவங்களில் அதனைக் கண்டதாக நேச்சர் இதழுக்கு இருவர் பெயராலும் எழுதினர். மார்ச்சு 16 ஆம் நாள் பெங்களூரில் இராமன் அதனை விரிவுரையாற் பலரறியச் செய்தார்.

கண்டதன் பொருளை எளிமையாகக் கூற முயல்வோம். ஒளி சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கின்றது. ஒரு பொட்டலம் பொருளின் அணுத்திரள்மீது மோதும்போது பெரும்பாலும் தன் ஆற்றல் குறையாமல் விலகிச் செல்கின்றது. மிக அருமையாக, ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று, தன் ஆற்றலிற் சிறிது பகுதியை அணுத்திரளுக்கு அதிர்வாகக் கொடுத்துவிட்டு, எஞ்சிய ஆற்றலோடு வேறு நிறமாக வெளியேறுகின்றது. நாழியரிசி கொண்டு சந்தைக்குப் போனவர், வழியில் சுங்கச்சாவடியில் ஒரு பிடி கொடுத்துவிட்டு மீந்ததோடு போவது போன்றதென்க. ஒவ்வொரு பொருளும் வாங்கும் சுங்கம் வெவ்வேறாகையால், வெளிவரும் நிறத்தைக் கொண்டே பொருள் இன்னதென அறியலாம். மிகச் சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகெங்கும் இரசாயனிகள் இதனைக் கையாளத் தொடங்கினர்.

ஈண்டு இரண்டு உண்மைகளை மறைத்தல் தகாது. அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவரும் படிகக் கல்லில் இதே விளைவைக் கண்டனர். சில நாட்கள் முந்தியே கண்டிருந்தும் வெளியிடத் தாழ்த்தனர். 1930 இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. ஆசியாவில் அறிவியலுக்காக அப்பரிசை முதலிற் பெற்றவர் அவர். பரிசு அறிவிக்கப்படுமுன்பே ஸ்வீடனுக்குக் கப்பற்சீட்டு வாங்கி வைத்திருந்த தன்னம்பிக்கையும் அவருடையது. கிருஷ்ணனாருக்குப் பங்கு கிடைக்கவில்லை. ஏழாண்டு வழியை வகுத்தவர் இராமன் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தப் பிப்ரவரி மாதத்து இருட்டறையில் ஒரு நாற்காலிக்குப் பதில் இரண்டு நாற்காலிகளை நாம் காண்கின்றோம். கிருஷ்ணனார் 1947 இல் தில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகி, 1961 இல் மறைந்தார்.

நைட் பட்டம், ராயல் சங்கத்து உறுப்பினர் பதவி, பின்னாளில் 1954 இல் பாரத ரத்தினம் ஆகிய சிறப்புக்களை விரித்தெழுத வேண்டுவதில்லை; அவை எந்நூலிலும் உள்ளன. 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அப்பதவியேற்ற முதல் இந்தியர் அவரே. பௌதிகத்திற்குப் புதுத்துறை அமைத்தார். மாக்ஸ் பார்ன் என்னும் ஜெர்மானியப் பேரறிஞரை அழைத்துவந்தார். எனினும், பிறரோடு இணங்கிப் போகும் இயல்பு அவரிடம் மிகுதியாக இல்லை. பூசல்கள் வளர்ந்து, 1937 இல் இயக்குநர் பதவியை விட்டு, 1948 வரை பேராசிரியராக மட்டும் இருந்தார். பம்பாய்ப் பட்டதாரியான கமலா பகவத் 1933 இல் அக்கழகத்திற் சேர வந்தபோது, பெண் என்பதற்காக அவரைச் சேர்க்க மறுத்தார். அவ்வம்மையார் விடாது வாதாடியபின்னர், ஓராண்டு பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு இடந்தந்தார். ஓராண்டில் தம் பிழையை உணர்ந்தார் போலும். அதன்பின் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1940 இல் அவரிடம் வைர ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்னா மாணி பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையிற் புகழ்பெற்றார். நம் கல்லூரி மாணவியர் இப்பகுதியைப் படித்து இராமனை எவ்வளவு மன்னிப்பதென்று தாமே முடிவு செய்துகொள்வாராக.

ஓய்வுக்குப்பின் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் கட்டினார். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதை திருவள்ளூரைத் தொட்டே செல்வதால், அந்நாட்களில் அவர் எத்தனையோ முறை மணவாள நகரின் ஓரமாகக் கடந்துசென்றிருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. அந்நிலையம் 1949 இல் இயங்கத் தொடங்கியபோது அதற்கு மின்சாரம் வந்து சேரவில்லை. அறுபது வயதைத் தாண்டிய நோபெல் அறிஞர் மின்சாரத்திற்காகக் காத்திருக்கவில்லை. வெளியே ஒரு கண்ணாடியை வைத்து, கதிரவன் நகர நகரக் கையால் அதனைத் திருப்பி, அவ்வொளியை அறைக்குள் செலுத்தித் தம் சோதனைகளைத் தொடர்ந்தார். ஆற்றலை வெளியே வைத்து, கம்பியில்லாமல் ஒளியாகவே உள்ளே அனுப்பிய அறை அது. மணவாள நகரின் மின்தடையைப் பற்றி எழுதத் தொடங்கிய நாம் இராமனிடம் வந்து நின்றதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

1970 நவம்பர் 21 ஆம் நாள் அவர் காலமானார். அந்நிலையத்துத் தோட்டத்திலேயே அவரை எரியூட்டினர். கல்லால் நினைவுச்சின்னம் எழுப்பாமல், அவ்விடத்தில் ஒரு மரம் நட்டனர்.

அதே 1970 இல் அமெரிக்காவில் கார்னிங் என்னும் கண்ணாடித் தொழிற்சாலையில் மௌரர், கெக், ஷூல்ட்ஸ் என்னும் மூவரும், ஒரு கிலோமீட்டர் சென்றபின்னும் புகுந்த ஒளியில் நூற்றிலொரு பங்காவது எஞ்சும் கண்ணாடி இழையை வார்த்தெடுத்தனர். நூற்றில் ஒன்று என்பது இன்று நகைப்பாகத் தோன்றலாம். அதற்குமுன் அதுவும் இல்லை. இப்பொழுதைய இழைகளில் ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகின்றது. அவ்வாறாயின் 300 கிலோமீட்டர் கடந்தபின் எஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இடையில் வலுவூட்டவேண்டும், அந்த இடையிலோ மலையும் காடும் கடலும் கிடக்கின்றன. மின்சாரம் ஏது?

இராமன் கண்ட விளைவு ஈண்டுத்தான் வந்து உதவிற்று. 1960 இல் லேசர் தோன்றியது. 1962 இல் உட்பரி, இங் என்னும் இருவர், மிக வலிய லேசர் ஒளி நைட்ரோபென்சீன் திரவத்தினூடே செல்லும்போது இராமன் விளைவு ஒரு கோடியில் ஒன்றாக நில்லாமல் பெருவெள்ளமாகப் பொங்கக் கண்டனர். ஏற்கனவே அந்த மாறிய நிறத்தில் ஓர் ஒளி சென்றுகொண்டிருந்தால், வலிய ஒளியின் பொட்டலங்கள் தூண்டப்பட்டு, சுங்கத்தைக் கொடுத்துவிட்டு அதனோடு அதே நிறமாய், அதே சுருதியாய்ச் சேர்ந்துகொள்கின்றன. முன்னவர் எடுத்த சுருதியில் பின்னவர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர, பாட்டு வலுப்பதை நம் ஆலயப் பாடகர் குழுவில் கேட்டிருக்கின்றோமன்றோ? அத்தகையது அது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டோலன், இப்பென் என்னும் இருவரும் கண்ணாடி இழையினுள்ளேயே இவ்வாறு ஒளி பெருகுவதை அளந்து காட்டினர்.

அதனைப் பொறியாளர் கையாளும் முறை இது. செய்தியைச் சுமக்கும் ஒளி 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகின்றது. வாங்கும் நிலையத்திலிருந்து 1450 நானோமீட்டரில் வலிய ஒளியொன்றை எதிர்த்திசையில் அதே இழைக்குள் ஏற்றுகின்றனர். இவ்வொளி இழையினுட் பல கிலோமீட்டர் சென்று, கண்ணாடிக்குச் சுங்கம் செலுத்தி, 1550 நானோமீட்டராக மாறிக் களைத்து வரும் செய்தியோடு கலந்து அதனைத் தாங்கிக்கொண்டு வருகின்றது. பெருக்கி என்று தனியே ஒரு பெட்டியில்லை, கண்ணாடியே பெருக்கி. உணவு தொலைவிலிருந்து ஒளியாகவே வருகின்றது. இடையில் மின்கம்பியும் இல்லை, மின்கலமும் இல்லை. கரைக்குக் கரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள்களைச் செப்புணவின்றி இயக்க இம்முறை உதவுகின்றது.

அவ்வாறாயின் மணவாள நகர் வீட்டுச் சுவரிலுள்ள பெட்டிக்கும் ஒளியாலேயே உணவூட்டலாகாதோ என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. 1978 இல் பெல் ஆய்வுக்கூடத்தார் ஓர் இழையின் வழியே லேசர் ஒளியை அனுப்பி, மறுமுனையில் அதனை ஒளிமின்கலத்தால் மின்சாரமாக்கி, தொலைபேசிக்குரிய அழைப்பொலியை எழுப்பினர். பேச்சும் உணவும் மீண்டும் ஒரே இழையில் வந்தன. ஆனால் இவ்வகையில் வருவது சிறு தீனியே. அழைப்பொலிக்குப் போதும், வீட்டுப் பெட்டியை நாள் முழுதும் இயக்கப் போதாது. மின்னழுத்தம் மிக்க இயந்திரங்களின் நடுவே, செம்பு செல்வது ஆபத்தான இடங்களில் உள்ள சிறு அளவைக் கருவிகளுக்கு இம்முறை இன்று பயன்படுகின்றது.

கம்பத்துப் பெட்டியின் நிலை வேறு. அதனுள் இருப்பது ஒரு ஒளியை 32 ஆகவோ 64 ஆகவோ பங்கிடும் கண்ணாடிப் பகுப்பான். அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. ஆனால் அது பங்கிட்டபடியே என்றும் பங்கிடும். பகலில் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் தேவை மிகும். இரவில் மாணவர் விடுதிகளிலும் வீடுகளிலும் தேவை மிகும். வேளைக்கேற்பப் பங்கை மாற்றவல்ல நெகிழ்ச்சியுள்ள கருவியை அக்கம்பத்தில் வைப்பதாயின், அதற்கு மட்டும் சிறிது உணவு வேண்டும். மாறும் கணத்தில் மட்டும் ஆற்றலுண்டு, மாறியபின் பட்டினியாகவே நிலைத்து நிற்கும் விசைகள் உள்ளன. நிலையத்திலிருந்து வரும் ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்து, வேண்டும்போது அவ்விசையை ஒருமுறை அசைக்கும் முறையை ஆராய்ச்சியாளர் செய்து பார்த்திருக்கின்றனர்.

இவ்வுணவை எவ்வளவும் கூட்டி அனுப்பலாமோ எனின், அதுவும் இயலாது. மெல்லிய இழையில் ஒளியை மிகுதியாக ஏற்றினால், அதே இராமன் விளைவு வேண்டாத இடத்திற் பொங்கி, உணவாக அனுப்பிய ஒளியை வேறு நிறமாக மாற்றிச் செய்தியின்மேல் இறைத்துவிடும். பெரிய ஆற்றல் வேண்டுவதுமில்லை. வீடுகளுக்கு 1490 நானோமீட்டரிற் செய்தியும் அதே இழையில் 1550 நானோமீட்டரில் தொலைக்காட்சியும் அனுப்பப்படும் இடங்களில், முன்னதன் ஒளி சிறிது பின்னதிற் கசிந்து, சில அலைவரிசைகளின் படத்தில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றுவதுண்டு. கல்கத்தா இருட்டறையிற் கண்ட அதே நிறமாற்றந்தான் அது. ஒளியின் அளவை எங்கே நிறுத்துவதென்று கணக்கிடும் பொறியாளர்கள் அத்தொல்லையையும் இராமன் குறுக்கீடு என்றே அழைக்கின்றனர்.